நைனா பார்த்த அலை

காசிமேட்டில் பிறந்தவர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போனால் அது மனு கொடுக்கத்தான். அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தில் ஓவியம் பார்ப்பதற்காகப் போனது எங்கள் வீட்டில் நானும் நைனாவும்தான் முதலில். ராயபுரத்தில் ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷனில் மாறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். (அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. போகிறவர்கள் கவனிக்கவும்.)

நைனாவுக்கு எழுபத்து நான்கு வயது. அறுபது வயது வரை கடலுக்குப் போனவர். கவர்னர்களின் படங்களையும் பீரங்கிக் குண்டுகளையும் நிற்காமல் கடந்துவிட்டார். டேனியல்களின் படத்துக்கு முன்னால்தான் கால் நின்றது.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் சென்னைக்கு வந்த ஆங்கிலேய ஓவியர்கள். இங்கே வரைந்ததை ஊருக்குக் கொண்டுபோய், செப்புத் தகட்டில் பிசின் தூள் தூவி, அமிலத்தில் அரித்து, அச்செடுத்து வண்ணம் தீட்டினார்கள். இந்தப் படம் 1797-ல் வெளியானது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து பார்த்த காட்சி. மதில், செயின்ட் மேரி தேவாலயத்தின் கூர்கோபுரம், முன்னால் நுரைத்துப் புரளும் கடல், அதில் படகுகள்.

பெயர் கோட்டையின் பெயர். ஆனால் நைனா கோட்டையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தள்ளி ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு அலையின் முதுகு வழியாகவே நகர்த்தினார். எங்கே எழும்புகிறது, எங்கே மடிகிறது, படகு எந்த இடத்தில் நிற்கிறது என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “இவன் அலை பார்த்தவன்.”

அந்த ஒரு சொல்லில் எனக்குப் படம் திறந்தது. டேனியல்கள் இருட்டுப்பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். வில்லை வழியாகக் காட்சி தாளில் விழும். விழுந்த கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டலாம். கோட்டைச் சுவர் அதற்கு நின்று கொடுக்கும். அலை நிற்குமா? அதைக் கரையில் நின்று பார்த்துப் பார்த்து மனத்தில் வாங்கித்தான் போட்டிருக்க வேண்டும். எனக்கு இது கோட்டையின் படமே அல்ல. கரை சேர முடியாத ஒரு கடலின் படம்.

அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, மனிதர்களும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் ஆணி இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும்; தைத்த படகு நெளிந்து கொடுக்கும். கவர்னரே ஆனாலும் எங்கள் ஆட்களின் துடுப்பை நம்பித்தான் கரையேறினார். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

நைனா அடுத்துக் கேட்ட கேள்விக்குத்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. “மணல் எங்கே போச்சு?”

1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881 புயல் உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைக் கடற்காரர்கள் தெண்டி என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலும் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. குறுக்கே துறைமுகத்தின் கல்சுவர் எழுந்ததும் மணல் தெற்கே தங்கி மெரினாவை அகலமாக்கியது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் எங்கள் கரையைத் தின்றது. நைனா சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே கட்டுமரங்களை ஏற்றி வைக்க, கருவாடு காயப்போட, பிள்ளைகள் ஓட இடம் இருந்ததாம். இன்று எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகக் கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது.

ஓவியர்கள் இதையெல்லாம் அறிந்து வரையவில்லை. ஆனாலும் துறைமுகம் வருவதற்கு முன்னால் இந்தக் கரை எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி சொல்கிறது.

காவலர் நேரமாகிவிட்டது என்றார். நைனா படத்தின் வலப்பக்க ஓரத்துக்குப் போனார். தென்கிழக்கிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் வடக்கு. மரச்சட்டம் முடிகிற இடத்திலிருந்து ஒரு சாண் அளந்து, வெறும் சுவரில் விரலை வைத்தார்.

“இங்கேதான் நம்ம வீடு.”