மூன்று நிமிடச் சாட்சியோடு புனோம் பென்னுக்குப் போனேன்

விண்ணப்பப் படிவத்தின் கடைசிக் கேள்வியில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். "ஏன் இந்த நாடு?" எங்கள் கல்லூரி வளாக ஐக்கியத்திலிருந்து அந்த விடுமுறையில் ஏழு பேர் கம்போடியாவுக்குக் குறுகிய கால ஊழியத்துக்குப் போவதாக ஏற்பாடு. அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டே பெயர்கள்: அங்கோர் வாட், போல் பாட். அதையே எழுதினேன். "தெரியாது, தெரிந்துகொள்ள வருகிறேன்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரி எவ்வளவு சரியானது என்பது எழுதியபோது எனக்குப் புரியவில்லை.

படிவத்தோடு போதகரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் பேராசிரியர் ஒருவரிடமிருந்து இன்னொன்றும் கேட்டார்கள். பிறகு நேர்காணல். வேத வசனங்களைக் கேட்பார்கள் என்று தயாராகிப் போனேன். குழுத் தலைவியான அக்கா கேட்டதோ, "கடைசியாக யாரோடு சண்டை போட்டாய், எப்படிச் சமாதானம் ஆனாய்?" என்பதுதான். 26 நாள் ஒரே கூரையின் கீழ் ஏழு பேர் இருக்கப்போகிறோம், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று பின்னால் விளக்கினார். மூன்றாவது வாரத்தில் அந்தக் கேள்வியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

பயணச் செலவுக்கு ஆதரவு திரட்டுவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. உறவினர், சபையார், பழைய ஆசிரியர்கள் என்று 40 பேருக்குக் கடிதம் எழுதினேன். பணம் கேட்பது கூச்சமாக இருந்தது. அக்கா ஒரு யோசனை சொன்னார்: ஜெபத்தை முதலில் கேள், பணத்தை அதற்குக் கீழே எழுது, இரண்டும் இயலாதவர் உன் கடிதத்தைப் படித்தாலே போதும் என்று நினை. அப்படியே எழுதினேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் சிறு தொகை ஒன்றை உறையில் வைத்துக் கொடுத்து, "வாரம் ஒரு கடிதம் வர வேண்டும். நல்ல செய்தி மட்டும் எழுதாதே" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே என் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதினேன். இதை எழுதும்போதும் அந்தக் குறிப்பேடுதான் எதிரில் இருக்கிறது.

ஆவண வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சுற்றுலா விசா 30 நாளுக்குக் கிடைக்கும். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசிகளைக் கடைசி வாரத்துக்கு வைக்கக் கூடாது. பயணக் காப்பீடு கட்டாயம் எடுக்க வேண்டும். அங்கே டாலர் புழங்குகிறது, ஆனால் கிழிந்த நோட்டையும் கறைபட்ட நோட்டையும் வாங்க மாட்டார்கள். டிக்கெட்டில் எங்களில் ஒருவர் பெயரை முகவர் பிழையாகப் பதிவு செய்துவிட்டதால் ஒரு வாரம் அலைந்தோம். பணம் கட்டிய அன்றே பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

பயிற்சி ஆறு சனிக்கிழமைகள் நடந்தது. அதில் பாதி நேரம் சாட்சிக்குப் போனது. ஒவ்வொருவரும் தம் விசுவாச வாழ்வை மூன்று நிமிடத்தில் சொல்லப் பழக வேண்டும். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். என் சாட்சி மன்னிப்பைப் பற்றியது. என் நம்பிக்கையைக் குலைத்த ஒரு தோழியோடு இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்து, பிறகு அவளைத் தேடிப் போய்ப் பேசிய கதை. உண்மையான கதை, இன்றும் எனக்கு அருமையானது. கடிகாரத்தை வைத்துப் பழகி இரண்டு நிமிடம் ஐம்பது விநாடிக்குக் கொண்டுவந்தேன்.

மீதி நேரத்தில் எங்களுக்கு ஊட்டப்பட்டது அந்த நாட்டின் ஒழுங்கு. கம்போடியாவில் பௌத்தம் அரசு மதம். வீடு வீடாகப் போய் மதப் பிரசாரம் செய்வதற்கு 2007 முதல் தடை இருக்கிறது. எங்களை அழைத்தது தலைநகர் புனோம் பென்னில் உள்ள ஒரு சிறிய உள்ளூர்ச் சபை. அவர்கள் மாலையில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நடத்தும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் உதவுவதே எங்கள் வேலை. முதல் நாளே மாணவர்களிடம், "நாங்கள் கிறிஸ்தவர்கள், இந்த வகுப்பைச் சபை நடத்துகிறது, வேதப் படிப்பு தனியாக வேறு நாளில் நடக்கிறது, விரும்பினால் மட்டும் வரலாம்" என்று அந்தச் சபையார் சொல்லிவிடுவார்கள். இதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆங்கிலம் கற்க வந்தவனை அறிவிக்காமல் வேறெங்கோ இழுத்துப் போவது ஊழியம் ஆகாது. எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு இது போதவில்லை. "இவ்வளவு தூரம் வந்து இலக்கணம் சொல்லித் தருவதா?" என்று கேட்டான். அந்த மூன்றாம் வாரச் சண்டை இதைப் பற்றியதுதான். இரவு முழுவதும் பேசி, அழுது, ஜெபித்து முடித்தோம். அவன் ஆதங்கம் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

காலை நேரங்களில் நாங்கள் மாணவர்கள், மாணவர்கள் ஆசிரியர்கள். அந்த நாட்டு மொழியான கெமர் கற்றோம். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது. பள்ளிக்கு அவர்கள் சொல் ‘சாலா’, ஆசிரியர் ‘க்ரூ’, மொழி ‘பியாசா’. நகரில் ஆறுகள் கூடும் இடத்தின் பெயர் ‘சக்தொமுக்’. சதுர்முகம் என்று நான் பிரித்துச் சொன்னதும் எனக்குப் பாடம் எடுத்த மாணவி கைதட்டினாள். எண்கள் ஐந்து வரைதான் தனிச் சொல், ஆறு என்பது ஐந்து-ஒன்று. பெயர் சொல்லி அழைப்பதைவிட முறை சொல்லி அழைப்பதே வழக்கம். மூத்தவர் ‘போங்’, இளையவர் ‘ஓன்’, அத்தை வயதுப் பெண் ‘மீங்’. கைகுவித்து வணங்கும்போது எதிரில் நிற்பவரின் வயதுக்கும் மதிப்புக்கும் ஏற்பக் கைகள் மேலேறும். ஒரு வாரத்துக்குள் அந்த ஊர் எனக்கு அந்நியம் இல்லை என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாம் வாரச் சனிக்கிழமை துவோல் ஸ்லெங் போனோம்.

‘ஸ்லெங்’ என்பது எட்டி மரம். அது ஒரு உயர்நிலைப் பள்ளியாக இருந்த இடம். 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் படை நகருக்குள் நுழைந்தது. பிறகு அந்தப் பள்ளியை எஸ்-21 என்ற சிறையாக்கினார்கள். 12,000 பேருக்கும் மேல் அங்கே அடைக்கப்பட்டார்கள், உயிர் தப்பியவர்கள் மிகச் சிலர். அவர்கள் ஆட்சி விழுந்த 1979 ஜனவரிக்குள் நாடு முழுவதும் மாண்டவர்கள் 15 லட்சத்துக்கும் அதிகம். இதையெல்லாம் பயிற்சியில் படித்திருந்தேன். ஆனால் வகுப்பறைத் தரையின் கட்டம் போட்ட ஓடுகளை நான் எதிர்பார்க்கவில்லை. அவற்றின் மேல் செங்கல்லை அடுக்கி, ஒரு ஆள் காலை நீட்டவும் போதாத அறைகளைக் கட்டியிருந்தார்கள். மேல்தளக் கைதிகள் குதித்து உயிரை விட்டுவிடாதபடி தாழ்வாரம் முழுவதும் முள்கம்பி. கீழே வரிசை வரிசையாக முகங்கள். வந்தவர் ஒவ்வொருவரையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். என் வயதில் நிறையப் பேர். நான் அங்கே ஜெபிக்க முயன்றேன், வார்த்தை வரவில்லை. அக்கா அன்று இரவு யோபுவின் நண்பர்களைப் பற்றிப் பேசினார். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்களே, அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் சட்டம் படிக்கும் மாணவன் ஒருவன், வயது இருபது இருக்கும், என்னிடம் கேட்டான்.

"டுச்சைத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். எஸ்-21 சிறையின் தலைவன். அதற்கு முன் கணித ஆசிரியன். ஆட்சி விழுந்த பிறகு பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தவன், தொண்ணூறுகளில் கிறிஸ்தவனாக ஞானஸ்நானம் பெற்றவன். 1999இல் அடையாளம் காணப்பட்டுப் பிடிபட்டான். நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டான். விசாரணையின் முடிவில் தன்னை விடுவிக்கவும் கேட்டான். 2010இல் 35 ஆண்டுத் தண்டனை, 2012இல் அது ஆயுள் தண்டனை ஆனது. 2020இல் இறந்தான்.

"அவன் விடுதலையாகி உங்கள் சபைக்கு வந்திருந்தால் எந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பீர்கள்?"

அவன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். என்னிடம் மன்னிப்பைப் பற்றி இரண்டு நிமிடம் ஐம்பது விநாடிக்கு ஒரு கதை தயாராக இருந்தது. அதை அங்கே சொல்ல என் நாக்கு எழவில்லை. "தெரியவில்லை. நான் யோசிக்க வேண்டும்" என்றேன். "சரி, போங்" என்று சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குத் திரும்பிவிட்டான்.

சபையில் சமையலையும் சாவிகளையும் பார்த்துக்கொண்ட ஒரு மீங் இருந்தார். மறுநாள் காலை அவரோடு கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில், மொழிபெயர்க்க என் மாணவியை வைத்துக்கொண்டு, இந்தக் கேள்வியைச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. 1975இல் தமக்கு ஒன்பது வயது என்று தொடங்கினார்.

அமெரிக்கா குண்டு போடப் போகிறது, மூன்றே நாள் வெளியே இருங்கள், திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் நகரத்தைக் காலி செய்தார்கள். அப்பா வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் பள்ளி ஆசிரியர். படித்தவர்களைத் தேடிப் பிடித்த காலம். கிராமத்தில் தாம் ரிக்‌ஷா ஓட்டியவர் என்று சொல்லி ஓராண்டு காலம் தள்ளினார். யாரோ காட்டிக்கொடுத்தார்கள். ஒரு மாலை "கூட்டம் இருக்கிறது, வாருங்கள்" என்று ஒரு இளைஞன் வந்து கூப்பிட்டான். அப்பா போகும்போது சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மீங் பிறகு தாய்லாந்து எல்லையில் காவ் இ டாங் அகதி முகாமில் வளர்ந்தார். அங்கேதான் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார்.

"டுச்சைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள்" என்றார். "டுச்சை மன்னிக்கிறேன் என்று சொல்ல எனக்குக் கஷ்டம் இல்லை. அவன் என் அப்பாவைக் கொல்லவில்லை. தொலைக்காட்சியில் பார்த்த மனிதன். அன்றைக்குக் கூப்பிட வந்தானே, அவன் பெயர் எனக்குத் தெரியாது. முகம் தெரியும். உயிரோடு இருந்தால் இப்போது எழுபது வயது இருக்கும். சந்தையில் அந்த வயதில் யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கிறேன்."

மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மாணவி நிறுத்திவிட்டாள். அவளுக்கும் இந்தக் கதை புதிது. மீங் அவள் முழங்காலைத் தட்டி, மேலே சொல்லச் சொன்னார்.

"ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். அவனைக் காட்டாதே, காட்டினால் என் பக்கத்தில் நில். இதுதான் என் ஜெபம். இன்னும் மன்னித்தாயிற்று என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லி ஜெபிக்கக் கூடாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்து முடித்தோம். அவருடைய அனுமதியைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்; "பெயர் மட்டும் வேண்டாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அந்தச் சட்ட மாணவனிடம் போய், எனக்குப் பதில் கிடைக்கவில்லை என்றும், என் மார்க்கம் மன்னிப்பை நடுவில் வைத்திருப்பதை நான் உண்மையாகவே நம்புகிறேன் என்றும், ஆனால் இந்த ஊரில் அதைச் சொல்வதற்கு என்னைவிட உரிமையுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவன் தன் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினான். வகுப்பு முடிந்தும் ஒரு மணி நேரம் பேசினான். வேதப் படிப்புக்கு அவன் வரவில்லை. ஆங்கில வகுப்புக்குக் கடைசி நாள் வரை வந்தான்.

பிரிவு உபசாரத்தில் எங்களைச் சாட்சி சொல்லக் கேட்டார்கள். மற்ற ஆறு பேரும் அழகாகச் சொன்னார்கள். தம்பி சொன்னதைக் கேட்டுப் பலர் கண்கலங்கினார்கள். நான் என் தோழியின் கதையைச் சொல்லவில்லை. முன்வரிசையில் மீங் உட்கார்ந்திருந்தார். எனக்கு மொழி கற்றுத் தந்ததற்கும் கதை சொன்னதற்கும் கெமர் மொழியிலேயே நன்றி சொன்னேன். ஐந்து வாக்கியம், எல்லாம் நானே எழுதிப் பழகியவை. கைகளை மூக்குவரை உயர்த்தி வணங்கினேன்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு சபையில் அறிக்கை கொடுக்க நிறுத்தினார்கள். "எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்?" என்று ஒரு பெரியவர் அன்போடு கேட்டார். ஆதரவு தந்தவர், கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. எங்கள் நாட்களில் ஒருவரும் இல்லை, வேதப் படிப்புக்கு வருகிறவர்கள் நாங்கள் போவதற்கு முன்பே வந்தவர்கள், அவர்களை அந்தச் சபை பொறுமையாக நடத்துகிறது என்றேன். பிறகு அனுமதி வாங்கி மீங்கின் கதையைச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அந்த ஓய்வு பெற்ற ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தமக்கும் அப்படி ஒரு முகம் இருக்கிறது என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டுக் குழுவுக்கு இப்போது பயிற்சி தொடங்கியிருக்கிறது. சாட்சி வகுப்பை நடத்த என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதைக் கடைசிச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கும்படி அக்காவிடம் வேண்டினேன். முதல் ஐந்து வாரமும் மொழியும் அந்த நாட்டின் வரலாறும் இருக்கட்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். முதல் வகுப்பு வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எண்களிலிருந்து தொடங்குகிறோம்.