மழை விட்டும் ஆறு விடவில்லை

அக்டோபர் 14, மாலை 5 மணி

மூன்று மணி நேரத்தில் காற்றழுத்தமானி 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிட்டது; புயலுக்கு அறிகுறி. இனி கிளம்பும் பேச்சே இல்லை. ஐந்து படகும் ஆற்று வளைவின் உட்பக்கம் ஒதுங்கியாயிற்று. அங்கே ஓட்டம் மெதுவு. மிதந்து வரும் மரங்களும் பெரும்பாலும் வெளிவளைவை ஒட்டியே போகும். ஆனால் மணல் சேரும் பக்கம் என்பதால் ஆழத்தை அளந்து பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டிவிட்டால் பேச்சுத் துணைக்கு ஆயிற்று என்று ஒரு யோசனை வந்தது. அமைதியான இரவுக்கு அது சரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஐந்து படகின் பாரத்தையும் ஒரே நங்கூரம் தாங்காது. போதாததற்கு ஒவ்வொரு படகும் ஒவ்வொரு தாளத்தில் ஆடும், படகுகள் உரசாமல் நடுவே தொங்கவிடும் காற்றடைத்த மெத்தையான ஃபெண்டர் பிதுங்கி மேலே வந்துவிடும். எனவே மூன்று படகு துறையில், இரண்டு நங்கூரத்தில்.

இரவு 9 மணி

நங்கூரக் கயிற்றுக் கணக்கில் பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: ஆறு ஏறப்போவதைச் சேர்ப்பதில்லை. ஆழம் 4 மீட்டர், படகின் முன்முனை நீருக்கு மேல் 1 மீட்டர், ஆக 5. ஏழு மடங்கு என்றால் 35 மீட்டர் விட வேண்டும். ஆறு ஒன்றரை மீட்டர் ஏறினால் அதே 35 மீட்டர் ஐந்தரை மடங்குக்கும் கீழே போய்விடும். அதனால் இப்போதே 46 மீட்டர் விட்டாயிற்று. கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றியிருக்கிறது. நைலான் கயிறு இழுபடுவதால் அறுவதைவிட உரசி அறுவதே அதிகம்.

அக்டோபர் 15, அதிகாலை 3 மணி

இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் வரும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை யாரும் மேல்தளத்துக்கு வருவதில்லை.

அதன்பின் ஆளுக்கு இரண்டு மணி நேரக் காவல். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கும் இரண்டு மரங்களைப் பார்த்துக்கொண்டால் போதும். அவை விலகினால் படகு நகர்ந்திருக்கலாம். நங்கூரக் கயிற்றில் கை வைத்தால் தடதடவென்று அதிர்கிறதா? அடியில் நங்கூரம் இழுபடுகிறது.

அக்டோபர் 16, காலை 7 மணி

மழை நின்று ஐந்து மணி நேரம். கரையில் நட்ட அளவுகுச்சியோ மணிக்கு 10 சென்டிமீட்டர் முழுகுகிறது. மேலே பெய்தது இப்போதுதான் வந்து சேர்கிறது. வானம் வெளுத்ததைப் பார்த்துக் கயிற்றை மறப்பது இந்த நேரத்தில்தான். துறை அசையாதது, படகு ஏறும்; குட்டையான கயிறு படகைக் கீழே பிடித்து இழுக்கும். நீளக் கயிற்றை முன்னும் பின்னும் சாய்வாகக் கட்டினால் அடிக்கடி தளர்த்தத் தேவையில்லை.

ஒரு மரக்கிளை நங்கூரக் கயிற்றில் குறுக்கே மாட்டியது. கொக்கிக்கழியால் ஒரு முனையைத் தள்ளினால் நீரோட்டமே திருப்பிக்கொண்டு போகும். போகாவிட்டால் எஞ்சினை ஓடவிட்டு, கயிற்றின் முனையில் ஃபெண்டரைக் கட்டி ஆற்றில் விட்டுவிட வேண்டும். நங்கூரத்தை நாளைக்கு எடுக்கலாம்.

மாலை 6 மணி

எஞ்சினைக் குளிர்விக்கும் ஆற்றுநீரின் வடிகட்டியில் இலையும் சேறும் அடைத்து ஒரு எஞ்சின் சூடேறியது. முதலில் ஆற்றுநீர் உள்ளே வரும் அடிவால்வை மூடு, பிறகு வடிகட்டியைத் திற. வரிசை மாறினால் படகுக்குள் ஆறு. படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் மிதவைச் சுவிட்சிலும் இதே குப்பைதான். பேட்டரி ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம், சார்ஜ் ஏற்ற வேண்டும். ஆனால் துறையில் நெருக்கிக் கட்டியிருக்கும்போது ஜெனரேட்டர் புகை அடுத்த படகின் அறைக்குள் போகும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அண்டை படகில் எல்லோரையும் எழுப்பிச் சொல்லிவிட்டு, காற்றுப்போக்கு பார்த்துத்தான் ஓட்டலாம். தூங்கும் நேரத்தில் கூடவே கூடாது.

அக்டோபர் 17, காலை 8 மணி

நீர் வடிகிறது. நேற்றைக்கு நேர்மாறான வேலை: கயிறு இறுகினால் படகு துறையில் தொங்கும். மூழ்கிய கரைமேல் நிற்கும் படகு சாய்ந்து உட்கார்ந்துவிடும், அதை இப்போதே ஆழத்துக்குத் தள்ள வேண்டும்.

ஆற்றின் கீழ்ப்பக்கப் பாலத்துக்கும் நீருக்கும் இடைவெளி இன்னும் போதாது. மணல்திட்டுகளும் இடம் மாறியிருக்கும். குச்சியில் பழைய கோடு தெரிந்தபின், அடிப்பாகம் குறைவாக முழுகும் படகு முன்னே ஆழம் பார்த்துக்கொண்டு போகும்.