பிரெட்னிசோலோன் நோட்டு

ஜூன் 9, திங்கள்

இமை வீங்கி எழுந்த என் அஞ்சு வயசு மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதாம். தினமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம், ஆறு வாரத்துக்கு. காலைச் சிறுநீரில் ஸ்ட்ரிப்பை நனைத்து, ஆல்புமின் என்ற அந்தப் புரதம் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வரச் சொன்னார் டாக்டர். மற்றதையும் இதிலேயே எழுதப்போகிறேன்.

ஏன் காலையிலேயே கொடுக்கணும் என்று கேட்டேன். "நம்ம உடம்புலயே சுரக்கிற கார்டிசால்ங்கிற ஹார்மோன் விடியக்காலைலதாம்மா உச்சத்துல இருக்கும், நடுராத்திரி அடங்கிடும். அதை ஒட்டிக் கொடுத்தா தூக்கம் அவ்வளவா கெடாது" என்றார்.

நெருக்கடி வந்தால் கார்டிசாலை அதிகம் சுரப்பது, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. மாத்திரை செய்வதும் அதே வேலைதான், ஏறக்குறைய நாலு மடங்கு வீரியத்தோடு.

ஜூன் 14, சனி

ஸ்ட்ரிப் இன்னும் கரும்பச்சை. 3+, புரதம் நிறையப் போகிறது.

மாத்திரை கடுங்கசப்பு, வாழைப்பழத்துக்குள் புதைத்துக் கொடுக்கிறேன். ஒன்றரை இட்லிக்கே கதை சொல்ல வேண்டியிருந்த பிள்ளை, நாலு இட்லி தின்றுவிட்டு இட்லிச் சட்டியை எட்டிப் பார்க்கிறான். ஆபத்துக்குத் தயாராகு என்று உடம்பை முடுக்கும் ஹார்மோன் அல்லவா இது? கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்லும், தசையைக் கரைக்கும், பசியைக் கிளப்பிவிடும். இந்தச் சின்ன உடம்புக்கு எந்த ஆபத்தும் எதிரில் இல்லை. கட்டளை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

மூன்றாம் நாளாக ஸ்ட்ரிப் மஞ்சள் மாறவில்லை. புரதம் துளியும் இல்லை! வீக்கமும் வடிந்துவிட்டது.

சாயங்காலம் பால் டம்ளரை வீசி எறிந்தான். எறிந்த கையோடு அவனே அழுதான். "ஏன்டா கண்ணு?" என்றேன். "தெரியலம்மா, உள்ள கோவம் கோவமா வருது."

"செல்லம் கொடுத்தா இப்படித்தான்" என்றார் அத்தை. அவரை உட்காரவைத்துச் சொன்னேன்: பயத்தைக் கிளப்பும் அமிக்டாலா, அதை அடக்கும் முன்மூளை, நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் எல்லாவற்றிலும் இந்த ஹார்மோன் போய் ஒட்ட இடம் இருக்கிறது அத்தை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச் இதே வகை ஸ்டீராய்டான கார்டிசோன் கொடுத்து, மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்தவர்களை எழுந்து நடக்கவைத்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசு. அந்த மருந்து தூக்கத்தைக் கெடுத்து மனத்தை ஆட்டிவைப்பதையும் மருத்துவர்கள் சீக்கிரமே பார்த்தார்கள். அஞ்சு வயசுப் பிள்ளை இதை எப்படித் தாங்கும்?

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அவனைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஜூலை 2, புதன்

மருந்தால் அவன் கன்னம் உருண்டுவிட்டது. பக்கத்து வீட்டக்கா "புள்ள நல்லா தேறிட்டானே" என்று சந்தோஷப்பட்டார். பாவம், அவருக்குத் தெரியாது.

எனக்கோ விடியுமுன்னே விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, எண்ணெய்ச் சட்டியை வைத்த இடம் மறக்கிறது. அவனுக்கு மாத்திரையில் போவது, எனக்கு என் உடம்பிலேயே ஊறுகிறது. பகலில் ஒரு மணி நேரமாவது அத்தையிடம் அவனை விட்டுவிட்டுப் படுக்க முடிவுசெய்திருக்கிறேன். இதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

இன்று முதல் ஒருநாள் விட்டு ஒருநாள், 30 மில்லிகிராம். குணமாகிவிட்டதே என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதை டாக்டர் அழுத்திச் சொன்னார். ஹார்மோன் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், அட்ரினலுக்குத் தகவல் அனுப்பும் பிட்யூட்டரி அமைதியாகிவிடும், அட்ரினலும் தூங்கிப்போகும். திடீரென்று நிறுத்தியபிறகு காய்ச்சலோ வாந்தியோ வந்தால், சமாளிக்கத் தேவையான கார்டிசால் சுரக்காது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பள்ளிக்கூட டைரியின் முதல் பக்கத்தில் மிஸ்ஸுக்கு எழுதிவிட்டேன்: ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறான். காய்ச்சல் அடித்தாலோ, வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டாலோ உடனே கூப்பிடுங்கள். பசிக்கிறது என்றால் தின்ன விடுங்கள். கோபப்பட்டால் திட்டாதீர்கள்.