கெரிஸுக்கு வயசு என்ன?

ஜாவாவின் சோலோ நகரில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய கெரிஸ், அதாவது ஜாவாக்காரர்களின் குத்துவாள். பதின்மூன்று நெளிவு (அங்கே 'லுக்' என்பார்கள், எண்ணிப் பார்த்தால் எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும்). விற்றவர் மஜாபாஹித் காலத்தது, அதாவது ஜாவாவின் பழைய பேரரசுக் காலத்தது என்று அடித்துச் சொன்னார். நான் பாதிகூட நம்பவில்லை, ஆனாலும் வாங்கிவிட்டேன்.

முதல் வேலை பிடியைக் கழற்றுவது. அலகின் வால் பகுதியை, அதாவது பெசியை, துணி சுற்றிப் பிடிக்குள் இறுகச் செருகியிருப்பார்கள். அவசரப்பட்டுத் திருகினால் துருவேறிய பெசி ஒடிந்துபோகும் என்பதால் இரண்டு நாள் மெல்ல ஆட்டி ஆட்டித்தான் எடுத்தேன். அப்புறம் தேங்காய்த் தண்ணீரில் ஊறல், எலுமிச்சை, லெரக். இந்த லெரக் வேறொன்றுமில்லை, நம் பூந்திக்கொட்டையின் சொந்தக்காரன். தேய்க்கத் தேய்க்கத் துரு போய் இரும்பு வெளுத்தது.

கடைசிக் கட்டமான வாரங்கான் பூச்சை நான் தொடவே இல்லை, அனுபவமுள்ள ஒரு பெரியவரிடம் கொடுத்துவிட்டேன். மனோசிலை, அரிதாரம் வகையறா அது, ஆர்சனிக், விஷம். எலுமிச்சைச் சாற்றில் கலந்து தடவினால் இரும்பு கறுக்கும், நிக்கல் கலந்த பமோர் கோடுகள் (அலகில் ஓடும் வரிவடிவம்) மட்டும் வெள்ளையாக எழும்பி நிற்கும்.

மஜாபாஹித் கதை அங்கேதான் அடிபட்டது. என் அலகில் பமோர் வெள்ளித்தகடு மாதிரி பளிச்சென்று, ஒரே சீராக இருக்கிறது. பழைய கொல்லர்கள் பயன்படுத்திய சுலவேசியின் லுவு இரும்பிலும் நிக்கல் உண்டுதான், ஆனால் அதன் நிறம் சாம்பலோடு மங்கி நிற்கும். இப்படிப் பளிச்சிடுவது தனி நிக்கலாகத்தான் இருக்க வேண்டும்; நிக்கலைத் தனி உலோகமாகக் கண்டறிந்ததே 1751இல். மஜாபாஹித் அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே முடிந்த கதை.

விளிம்பு தேய்ந்திருக்கிறதே என்றால், அதை வைத்து வயசு சொல்ல முடியாது. வருஷாவருஷம் சுரோ என்ற ஜாவா மாதத்தில் புளிப்பில் கழுவப்பட்ட கெரிஸ், கழுவாமல் கிடந்ததைவிடச் சீக்கிரம் மெலியும். 'தங்குஹ்', அதாவது கெரிஸின் காலக் கணிப்பு, பார்ப்பவர்கள் அலகின் எடை, சாய்வு, அடியிலுள்ள 'கஞ்சா' என்ற குறுக்குத் துண்டின் வடிவம் எல்லாம் பார்த்து ஒரு காலத்தைச் சொல்வார்கள், ஆனால் அவர்கள் சொல்வது பாணியின் பெயர். பின்னால் வந்த கொல்லர் பழைய பாணியில் அடித்தால் யார் தடுப்பது? பெரியவர் என்னுடையதைச் சுரகார்த்தா (சோலோவின் இன்னொரு பெயர்) பாணி என்றார். ஜாவாவின் மாதாராம் அரசு சுரகார்த்தா, யோக்யகார்த்தா என்று இரண்டாகப் பிரிந்தது 1755இல், அதற்குப் பிந்தையது என்றால் பமோரோடு பொருந்துகிறது. 19ஆம் நூற்றாண்டு என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.

உறை கண்டிப்பாக அதைவிடப் புதிது, அலகு உள்ளே சரியாக உட்காரவே இல்லை. பிடி இன்னும் ஆடுகிறது, நூல் சுற்ற வேண்டும்.