உளியை வெளியே எடுப்பது எப்படி: கால்மிதித் துளைப்பொறி ஒன்றைத் திருத்திய அனுபவம்

இருபது சன்னல் கதவுகள். கதவுக்கு நான்கு மூலைகள். ஆக, கழுந்து (சட்டத்தின் முனையில் செதுக்கும் நாக்கு) உட்கார எண்பது துளைகள். உளியும் கொட்டாப்புளியுமாக முப்பத்தைந்தாவது துளையை எட்டியபோது என் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து வாங்கி, இரண்டு ஆண்டுகளாக மூலையில் சாக்குப் போர்த்தி நிறுத்தியிருந்த கால்மிதித் துளைப்பொறியை வெளியே இழுத்தது அன்றைக்குத்தான்.

இதைப் பார்த்திராதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்புத் தூண் ஒன்று. அதன் தலையில் செங்குத்தாக ஏறி இறங்கும் தண்டு. தண்டின் அடியில் உளி. தரையோடு ஒட்டி ஒரு நீண்ட மிதிக்கட்டை. மிதித்தால் இணைப்புக் கம்பி தண்டைக் கீழே இழுக்கும், உளி மரத்தில் இறங்கும். காலை எடுத்தால் தூணின் பின்னால் இருக்கும் சுருள்வில் எல்லாவற்றையும் மேலே தூக்கும். நடுவில் மேசை, கைச்சக்கரத்தைச் சுழற்றினால் அது இடவலமாக நகரும். உளிப்பிடியை அரைவட்டம் திருப்பி உளியின் முகத்தை மறுபக்கம் பார்க்க வைக்கலாம். மின்சாரம் வேண்டாம். இரைச்சலும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி வசதி இல்லாத சிறு பட்டறைகளை நம்பி இத்தகைய கால் இயந்திரங்களை விற்றவர்கள் பலர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரில் இருந்த பார்ன்ஸ் நிறுவனம் அவர்களில் பெயர் பெற்றது. என்னிடம் இருப்பது யாருடைய வார்ப்பு என்று தெரியவில்லை. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் மட்டும் மிச்சம்.

துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, உளியைச் சாணை பிடித்து, முதல் துளையை ஆரம்பித்தேன். பதினைந்து நிமிடத்தில் தொடை நடுங்கியது. துளையின் இரண்டு பக்கச் சுவர்களும் படிக்கட்டு போல் இருந்தன. நான்கு மிதிக்கு ஒருமுறை உளி மரத்தில் மாட்டிக்கொண்டு, மேலே போகும்போது மேசைமேல் இருந்த கதவுச் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு போனது. கையாலேயே செய்திருக்கலாம் என்று தோன்றியது உண்மை. ஆனாலும் இரும்பு நன்றாக இருந்தது, விரிசல் எங்கும் இல்லை. விட மனம் வரவில்லை.

முதலில் எல்லோரையும் போல நானும் அழுத்தும் விசை போதவில்லை என்றுதான் நினைத்தேன். மிதிக்கட்டையை இன்னும் நீட்டிவிட்டால் நெம்புவிசை கூடும் என்று கணக்குப் போட்டேன். மிதிக்கட்டை ஏறி இறங்கச் சுழலும் அச்சிலிருந்து, அதாவது சுழலச்சிலிருந்து, மிதி 100 செ.மீ. தொலைவில் இருக்கிறது, இணைப்புக் கம்பி 25 செ.மீ.யில் பிடித்திருக்கிறது. காலின் விசை உளியில் நான்கு மடங்காகிறது. மிதியை 125 செ.மீ. ஆக்கினால் ஐந்து மடங்கு. ஆனால் நெம்புகோல் இலவசமாக எதையும் கொடுப்பதில்லை. உளி 9 செ.மீ. இறங்க மிதி ஏற்கெனவே 36 செ.மீ. இறங்கிக்கொண்டிருந்தது, நீட்டினால் 45 செ.மீ. ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலை அவ்வளவு உயரம் தூக்கி, அதையே ஒரு துளைக்கு அறுபது எழுபது முறை செய்ய முடியாது.

அப்போதுதான் ஒரு வில்தராசை மிதியில் மாட்டிக் கீழே இழுத்துப் பார்த்தேன். மரமே இல்லாமல், வெறுமனே. மேலிருந்து அசைக்க 4 கிலோ போதுமானதாக இருந்தது. அடிவரை இழுத்துப் பிடிக்க 14 கிலோ ஆனது. அதாவது உளி மரத்தை வெட்டத் தொடங்கும் முன்பே என் கால் சுருள்வில்லை வெட்டிக்கொண்டிருந்தது. சுருள்வில் நீள நீள அதிகம் எதிர்க்கும். உளி ஆழத்தில் திணறும் இடமும் அதுவேதான். கால் எங்கே முழு உதவி செய்ய வேண்டுமோ அங்கே அதன் பாதி உழைப்பை வில் விழுங்குகிறது. அழுத்துவதில் குறை இல்லை, மேலே திரும்பும் ஏற்பாட்டில்தான் குறை என்பது அந்த எண்களைப் பார்த்த பிறகே எனக்குப் பிடிபட்டது. பிறகு செய்த எல்லா வேலையும் இந்த ஒரு புரிதலிலிருந்து வந்தவை.

சுருள்வில்லைக் கழற்றிவிட்டேன். மிதிக்கட்டையைச் சுழலச்சுக்குப் பின்னால் நீட்டி, ஓர் இரும்புச் சட்டத்தை மரையாணிகளால் பிணைத்து, அதன் நுனியில் எடைத்தட்டுகள் மாட்ட ஒரு முளை வைத்தேன். சுழலச்சிலிருந்து அந்த முளைக்கு 35 செ.மீ. தண்டும் உளிப்பிடியும் இணைப்புக் கம்பியும் சேர்ந்து 9 கிலோ. மிதிக்கட்டையின் முன்பகுதி ஏறத்தாழ 4 கிலோ. கணக்குப்படி பின்னால் 12 கிலோ வைத்தால் சமநிலை. 16 கிலோ வைத்தேன். உளி தானாக, நிதானமாக மேலே ஏறியது. வில்தராசு இப்போது மேலும் கீழும் ஒரே அளவைக் காட்டியது: உராய்வையும் சேர்த்து இரண்டு கிலோவுக்குள். எதிரெடைக்கு உள்ள பெரிய குணம் இது. எவ்வளவு தூரம் போனாலும் அதன் பிடிவாதம் கூடுவதில்லை.

எதிர்பாராத இன்னொரு நன்மையும் கிடைத்தது. பின்னால் எழும் எடை உளியின் அடியைக் குறைக்கும் என்று நான் பயந்திருந்தேன். நேர்மாறாக நடந்தது. எல்லாம் ஒரே நெம்புகோலில் பிணைந்திருப்பதால், மிதிக்கும்போது அந்த 16 கிலோவும் வேகமெடுக்கிறது. உளி மரத்தைத் தொடும் கணத்தில் அந்த வேகம் முழுவதும் உளியின் வாயில் வந்து இறங்குகிறது. லேசான சுத்திக்குப் பதிலாகக் கனமான சுத்தியைக் கையில் எடுத்தது போல இருந்தது. முன்பு அழுத்தி அழுத்தித் தள்ளிக்கொண்டிருந்தவன், இப்போது சட்டென்று ஓர் உதை கொடுத்தால் போதும் என்ற நிலை.

இதற்கு விலையும் உண்டு. அடியின் அதிர்ச்சி முழுவதையும் இணைப்புக் கம்பியின் ஊசி தாங்குகிறது. பழைய 10 மி.மீ. ஊசி ஒரே வாரத்தில் ஓட்டையை நீள்வட்டமாக்கிவிட்டது. ஓட்டையைப் பெரிதாக்கி, வெண்கலப் புஷ் (உள்வளையம்) ஒன்றைச் செருகி, 12 மி.மீ. எஃகு ஊசி போட்டபின் ஆட்டம் நின்றது. எடை கீழே வந்து நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர்க் கட்டை வைத்தேன். எடையைச் சுற்றிப் பலகையால் ஒரு கூண்டும் அடித்தேன். இதை யார் செய்தாலும் கூண்டைத் தள்ளிப்போடக் கூடாது. 16 கிலோ இரும்பு ஓசையில்லாமல் இறங்கும் இடத்தில் ஒருவர் கால் வைத்துவிட்டால் எலும்பு மிஞ்சாது.

முழங்கால் பிரச்சினைக்குத் தீர்வு எளிதாகவே இருந்தது. 9 செ.மீ. ஓட்டம் எனக்குத் தேவையே இல்லை. துளையின் ஆழம் 4.5 செ.மீ.; உளி மரத்துக்கு மேலே ஒன்றரை செ.மீ. எழுந்தால் போதும். மேசையை உயர்த்தி, ரப்பர்க் கட்டையின் உயரத்தை மாற்றி ஓட்டத்தை 6 செ.மீ.யில் நிறுத்தினேன். மிதியின் பயணம் 24 செ.மீ. ஆகக் குறைந்தது.

ஆனால் உளி மாட்டிக்கொள்ளும் தொல்லை தீரவில்லை, கூடியது. பழைய வில் 14 கிலோ எதிர்ப்போடு இழுத்தபோதே சட்டத்தைத் தூக்கியது என்றால், புதிய எதிரெடைக்கு உளியை ஆழத்திலிருந்து பிடுங்கும் வலுவே இல்லை. உளி உள்ளே நின்றுவிடும், நான் கையால் மிதியைத் தூக்குவேன். இரண்டு நாள் இப்படியே போனது.

உளியைக் கழற்றி நுண்ணளவியால் அளந்தபோது காரணம் தெரிந்தது. வாயில் 12 மி.மீ.; 5 செ.மீ. மேலேயும் 12 மி.மீ.; ஒரு பக்கத்தில் சாணைத் தழும்பால் ஒரு மயிரிழை தடிப்பு வேறு. ஆழம் கூடக் கூடப் பக்கச் சுவர்கள் முழு நீளத்துக்கும் உளியைக் கவ்விக்கொள்கின்றன. கைவேலையில் நாம் உளியை முன்னும் பின்னும் நெம்பி விடுவித்துவிடுவதால் இந்தக் குறை தெரிவதில்லை. இயந்திரத்தில் நெம்ப இடமில்லை. இரண்டு பக்கங்களையும் எண்ணெய்க்கல்லில் தேய்த்து, 5 செ.மீ. உயரத்தில் 11.6 மி.மீ. ஆகும்படி மெல்லச் சரித்தேன். பக்கத்துக்கு 0.2 மி.மீ.தான். வாயின் அகலத்தைத் தொடவில்லை. பிறகு பக்கங்களைக் கண்ணாடி போல மெருகேற்றி மெழுகு தடவினேன். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. மொத்தத் திருத்தத்தில் மிக அதிகப் பலன் தந்ததும் இதுதான்.

அதோடு மிதியின் மேல் குறுக்காக ஒரு தோல் வாரைப் பிணைத்தேன், செருப்பின் பட்டை போல. விரல்களை அதற்குள் நுழைத்துக்கொண்டால் காலை எடுக்கும்போதே மிதியும் மேலே வரும். நெம்புகோல் மேல்நோக்கியும் நான்கு மடங்குதானே! கால் 10 கிலோ தூக்கினால் உளிக்கு 40 கிலோ இழுப்பு கிடைக்கிறது. தேவைப்படும்போது மட்டும் தேவையான அளவு. எந்த வில்லாலும் அப்படித் தர முடியாது. வார் தளர்வாக இருக்கட்டும். ஆபத்து என்றால் கால் உடனே வெளியே வர வேண்டும்.

சட்டத்தைப் பிடித்து வைக்க இரும்புக் கவை ஒன்று செய்தேன். உளிக்கு இருபுறமும் இரண்டு விரல் போல மரத்தின்மேல் அமர்ந்து, தூணில் மரையாணியால் இறுகும். மேசை நகரும்போது மரமும் நகர வேண்டுமே, அதனால் கவை மரத்தை அழுத்தக் கூடாது. ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டு மேலே நிற்கிறது. மரம் எழ முயன்றால் மட்டும் தடுக்கும்.

படிக்கட்டுச் சுவருக்கு வருகிறேன். துளை எடுக்கும் முறையே இதில் சம்பந்தப்பட்டது. குறித்த எல்லையின் நடுவில் முதல் அடி. மேசையை 3 மி.மீ. நகர்த்தி அடுத்த அடி. அது கொஞ்சம் ஆழம். இப்படி ஒரு முனைக்குப் போகிறோம். முனையில் உளியின் தட்டையான முதுகு எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் சுவர் செங்குத்தாக வெட்டப்படும். பிறகு உளியை அரைவட்டம் திருப்பி, நடுவிலிருந்து மறுமுனைக்கு. ஆகவே ஒரே துளையின் இரண்டு பாதிகளை உளி இரண்டு நிலைகளில் நின்று வெட்டுகிறது.

அந்த இரண்டு நிலைகளும் ஒத்துப்போகவில்லை. திருப்பியபின் பூட்டும் முளை தேய்ந்திருந்ததால் உளி ஒரு பாகை அளவுக்கு ஆடியது, 12 மி.மீ. உளிக்கு ஒரு பாகை என்றால் விளிம்பில் 0.2 மி.மீ. கோணல். முளையைக் கூம்பாகக் கடைந்து போட்டதும் ஆட்டம் போயிற்று. ஆனாலும் இரண்டு பாதிகளுக்கு நடுவில் ஒரு படி விடாமல் நின்றது. நெடுநேரம் மேசையையே சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு துண்டுப்பலகையில் உளியை லேசாகப் பதித்து, திருப்பி, மீண்டும் பதித்துப் பார்த்தேன். இரண்டு தடங்களும் பக்கவாட்டில் 0.6 மி.மீ. விலகியிருந்தன. உளி தண்டின் சரியான நடுவில் இல்லை; 0.3 மி.மீ. ஒதுங்கி அமர்ந்திருக்கிறது, திருப்பும்போது அந்தப் பிழை இரட்டிப்பாகிறது. பிடிக்குள் ஒரு பக்கம் பித்தளைத் தகடு வைத்து ஒதுக்கியதும் இரண்டு தடங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இப்போது உளி மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக இந்த இரட்டைத் தடச் சோதனையைச் செய்கிறேன்.

ஒரு முயற்சியைக் கைவிட்டேன், அதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில், பாய்மரக் கயிறுகள் ஓடும் கப்பிக்கட்டைகள் செய்ய மார்க் புரூனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய இயந்திரங்கள் 1800களின் தொடக்கத்திலேயே ஓடின. அவற்றில் துளையிடும் பொறி, ஒவ்வொரு அடிக்கும் கட்டையைத் தானாகவே ஒரு சிறு அளவு முன்னே நகர்த்தும். அதைப் பார்த்து, கைச்சக்கரத்தில் பல்லும் தடையும் வைத்து, மிதி ஏறும்போது மேசை 3 மி.மீ. தானாக நகரும்படி செய்தேன். அழகாகத்தான் ஓடியது. ஆனால் மரத்தில் கணு வந்தால் 3 மி.மீ. அதிகம், இளகிய இடத்தில் அது குறைவு. கைச்சக்கரத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் உளியின் ஓசையைக் கேட்டே தூரத்தை மாற்றிக்கொள்கின்றன. நீராவியில் ஒரே மாதிரிக் கட்டைகளை ஆயிரக்கணக்கில் செய்யும் இடத்துக்கு அது பொருந்தும். என் பட்டறைக்குக் கை போதும் என்று கழற்றிவிட்டேன்.

12 மி.மீ. அகலம், 6 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. ஆழம் உள்ள துளை இப்போது தேக்கில் இரண்டரை நிமிடத்தில் முடிகிறது. திருத்துவதற்கு முன் இதே இயந்திரத்தில் ஏழு நிமிடம் ஆனது. இருபது துளைக்கு ஒருமுறை கால் மாற்றிக்கொள்கிறேன். அதற்காகவே மிதியை அகலப் பலகையாக மாற்றி, வாரை இரண்டு இடத்தில் வைத்தேன். சன்னல் கதவுகளில் மிச்சமிருந்த நாற்பத்தைந்து துளைகளையும் இரண்டு காலைப்பொழுதுகளில் முடித்தேன். கழுந்துகள் கையால் தட்டியதுமே உள்ளே போயின.

அடியில் தங்கும் சிராய்கள் இன்னும் தொல்லைதான். உளி அவற்றை நசுக்கி அடியில் கெட்டிப்படுத்திவிடுகிறது. நடுவில் இரண்டு முறை நிறுத்திக் கொக்கியால் கிளறி எடுக்கிறேன். 6 மி.மீ. உளி மாட்டும்போது பின்னாலிருந்து ஒரு 3 கிலோ தட்டைக் கழற்றிவிடுகிறேன்: முழு எடையோடு உதைத்தால் மெல்லிய உளி அளவுக்கு மீறி இறங்கி, சிராயைக் கிளப்பும்போது வளைகிறது. ஒன்றை அப்படி இழந்துவிட்டேன். அடுத்து 8 மி.மீ. உளியின் பக்கங்களைச் சரிக்க வேண்டும், எண்ணெய்க்கல் ஊறிக்கொண்டிருக்கிறது.