காளான் பார்க்கப் போய் வேர் கழுவிய நாள்

பூஞ்சை ஆய்வாளர்களுடன் பைன் காட்டுக்குப் போகிறோம் என்றதும் நான் முதலில் எடுத்து வைத்தது கூடை. அவர்கள் கொண்டுவந்ததோ வாளி, சல்லடை, மண்ணில் அடித்து இறக்கும் இரும்புக் குழாய்.

மழை ஓய்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வழியெல்லாம் காளான்கள். பழுப்புக் குடையின் மேல் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கிய ஒன்றைப் பறித்துத் திருப்பினேன். அடியில் மடிப்புகள் இல்லை, பஞ்சுபோல் நுண்துளைகள். "சுயில்லஸ். பைன் குடும்பத்து மரங்களோடுதான் குடித்தனம் நடத்தும்" என்றார் குழுத் தலைவி, நடையை நிறுத்தாமலே.

காளான் முளைத்த அதே இடத்தில் குழாயை இறக்கினார்கள். வந்த மண்ணைச் சல்லடையில் கொட்டி, அலசி, வேர்களைப் பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒன்றரை மணி நேரம். முதுகு விட்டுப்போயிற்று.

ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தபோது வலி மறந்தது. வேர்நுனிகள் கூராக இல்லை. இரண்டிரண்டாகக் கிளைத்த குட்டை விரல்கள், பவளக்கொடிபோல. வேர்த்தூவிகளே கிடையாது. ஒவ்வொரு நுனிக்கும் வெள்ளை உறை. அந்த உறைதான் பூஞ்சை. அதன் இழைகள் வேரின் செல்களுக்கு இடையே நுழைந்து வலையாகப் பின்னிக்கொள்கின்றன. மரம் சர்க்கரை தருகிறது, பூஞ்சை நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொண்டுவந்து கொடுக்கிறது. இந்தக் கூட்டுக்கு 1885இல் 'மைகோரைசா' என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க். பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டதென்னவோ டிரஃபிள் காளான் வளர்க்க வழி!

மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்ளுமாமே என்று கேட்டுவைத்தேன். தலைவி முகம் சுளித்தார். கனடிய வன ஆய்வாளர் சுசான் சிமார்ட் குழு 1997இல் பிர்ச் மரத்திலிருந்து டக்ளஸ் ஃபிர் மரத்துக்குக் கார்பன் போனதைக் காட்டியது. அங்கிருந்து 'பேச்சு' வரை போவது நெடுந்தாவல் என்பது அவர் கட்சி. காட்டில் கிடைத்த சான்றுகள் அவ்வளவு தூரம் தாங்காது என்று 2023இல் மூன்று ஆய்வாளர்கள் எழுதியதையும் சொன்னார்.

அவரை ஈர்ப்பது வேறு புதிர். கலிபோர்னியாவின் பைன் காடொன்றை ஆராய்ந்த கார்டஸும் புரூன்ஸும் 1996இல் வெளியிட்ட முடிவு அது: மேலே கூட்டமாக முளைத்த சுயில்லஸ், கீழே வேர்களில் அபூர்வம். "உங்கள் காளானுக்கு அடியிலும் அப்படித்தான் இருக்கும், பந்தயமா?" என்றார். கட்டினேன். குடையைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் தோற்பேன்?

மூன்று வாரம் கழித்து டிஎன்ஏ முடிவு வந்தது. நான் கழுவிய வேர்நுனிகளில் சுயில்லஸ் ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் ருசுலா என்னும் வேறொரு காளான் வகை. அன்று முழுக்க ஒரு ருசுலா குடைகூட என் கண்ணில் படவில்லை.