நாலாவது புத்தகத்திலிருந்து

ஜூன் 4

பதின்மூன்று நாவல்கள் உள்ள தொடரில் நேராக நாலாவதில் குதித்திருக்கிறேன். சார்லெய்ன் ஹாரிஸின் 'டெட் டு த வேர்ல்ட்', 2004இல் வந்தது. தொடரின் முதல் புத்தகம் 2001, கடைசி 2013. "இதுல பிடிச்சுதுன்னா மத்ததைத் தேடிப் படி" என்று தோழி கையில் திணித்துவிட்டாள். சரி.

கதையில் வருகிற, ரத்தம் குடித்து வாழும் சாகாதவர்களை ரத்தக்காட்டேரி என்று எழுதிப் பார்த்தேன். காதல் கதைக்கு ஒத்துவரவில்லை; தலைவிரி கோலமாக வந்து நிற்கிறது அந்தச் சொல். வாம்பயர் என்றே எழுதுகிறேன்.

ஜூன் 5, இரவு

அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு சிற்றூர். மதுக்கடையில் பரிமாறும் சூக்கிதான் கதை சொல்கிறாள். ஜப்பானியர் செயற்கை ரத்தம் கண்டுபிடித்ததால் வாம்பயர்கள் ஒளிந்து வாழ்வதை விட்டுவிட்டார்கள், புட்டியில் வாங்கிக் குடிக்கிறார்கள். அவளுடைய முன்னாள் காதலன் பில், வாம்பயர்களின் விவரங்களைக் கணினியில் தொகுக்கிற வேலையாகப் பெரு நாட்டுக்குக் கிளம்புகிறான். சாகாதவனுக்கும் கணினி வேலையிலிருந்து விடுதலை இல்லை போலிருக்கிறது.

அவ்வப்போது முன்கதைச் சுருக்கம் வருகிறது. நடுவில் நுழைந்த எனக்கு உதவி. வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறவர்கள் பல்லைக் கடித்திருப்பார்கள்.

ஜூன் 6

சூக்கிக்கு அடுத்தவர் மனதில் ஓடுவதெல்லாம் கேட்கும். கேட்க வேண்டாம் என்றாலும் கேட்கும். எதிரே உட்கார்ந்து சிரிப்பவன் உள்ளே என்ன நினைக்கிறான் என்று தெரிந்த பிறகு யாரைக் காதலிப்பது? வாம்பயரின் மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. பேரழகு, பெரும்பலம், ஆயிரம் வருட அனுபவம் எல்லாம் இருக்கட்டும். அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்குச் சத்தம் அடங்குகிறது. இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே ஆசிரியருக்கு ஒரு சபாஷ். கோரைப்பல்லை வைத்துக் காதல் எழுத யாராலும் முடியும்.

ஜூன் 8

நேற்று ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. இன்று நூறு.

எரிக் என்கிற வாம்பயர் முன்னாள் வைக்கிங் (பழைய வட ஐரோப்பியக் கடலோடி வீரன்), ஒரு வட்டாரத்தின் வாம்பயர்களுக்கெல்லாம் அதிகாரி, மகா திமிர் பிடித்தவன். சூனியக்காரி ஒருத்தியின் மந்திரத்தால் தான் யார் என்பதே மறந்து, இரவில் சாலையில் ஓடுகிறான். சூக்கி வீட்டுக்குக் கூட்டி வருகிறாள். நினைவு போனதும் திமிரும் போய்விட்டது. பயந்த, அன்பான ஓர் ஆள் மிச்சம். அவள் மயங்குவதில் ஆச்சரியமில்லை, நானே கொஞ்சம் மயங்கினேன். ஆனால் அந்தக் குளியலறைக் காட்சியைப் பாதியாக வெட்டியிருக்கலாம். காணாமல் போன அண்ணனைத் தேடும் கதையும் ஓநாய் மனிதர்களும் கூடவே வருகிறார்கள். அவர்களை வேகமாகத் தாண்டினேன்.

ஜூன் 9, நள்ளிரவு தாண்டி

முடித்துவிட்டேன். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.

எரிக்குக்குப் பழைய நினைவு திரும்புகிறது. அவளோடு இருந்த நாட்கள் துடைத்துப் போகின்றன. என்ன நடந்தது என்று அவன் கேட்கிறான், அவள் சொல்லவில்லை. சகுந்தலைக்காவது ஒரு மோதிரம் இருந்தது, மீன் வயிற்றிலிருந்தாவது திரும்பி வந்தது. இவளிடம் காட்ட ஒன்றுமில்லை. ஊரில் எல்லோர் மனதையும் கேட்கிறவள், எங்காவது ஒரு மூலையில் தான் மிச்சம் இருக்கிறோமா என்று இவன் மனதில் மட்டும் எட்டிப் பார்க்க முடியாது. எந்த அமைதிக்காக வாம்பயர்களிடம் போனாளோ, அதே அமைதி.

தோழிக்குச் செய்தி அனுப்பினேன்: "அவனுக்கு எப்பவாவது ஞாபகம் வருமா?" இந்நேரத்தில் விழித்திருக்கிறாள். "அஞ்சாவது எடுத்து வைக்கிறேன்" என்று மட்டும் பதில்.